ஓசிடி என்று சொல்லும் முன்

அன்புள்ள யாழினிக்கு,

அத்தை எழுதுவது. உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாய் என்று அண்ணன் போனில் சொன்னான். சந்தோஷம். ஆனால் உன் பாடப்புத்தகத்தில் வரப்போகும் சொற்களில் பாதியை வாட்ஸ்அப்பிலும் சினிமாவிலும் ஏற்கெனவே கேட்டிருப்பாய். தெரிந்த சொல்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதே.

ஓசிடியை எடுத்துக்கொள். அலமாரியில் துணியை நிறம் பார்த்து அடுக்குகிறவர்கள்கூட 'எனக்கு ஓசிடி' என்கிறார்கள். அடுக்கி முடித்ததும் அவர்களுக்கு ஒரு திருப்தி. நோய் உள்ளவருக்கு அது கிடைப்பதில்லை. கையில் ஏதோ ஒட்டியிருக்கிறது, அதனால் குழந்தைக்கு ஆபத்து வரும் என்ற எண்ணம் விடாமல் துரத்தும். கழுவினால் கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும். அர்த்தமில்லை என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். ஆனாலும் தோல் உரியக் கழுவுவார். இதெல்லாம் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, கடுமையாக வதைத்தாலோ, வேலையையும் உறவையும் குலைத்தாலோதான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேடு அதை நோய்க் கணக்கில் சேர்க்கிறது. நம் வீடுகளில் அப்படிப்பட்டவரைச் 'சுத்தபத்தம் பார்ப்பவர்' என்று மெச்சிவிடுவார்கள். மடி, ஆசாரம் என்ற பெயரில் நோய் வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும். இதற்கு மருந்து உண்டு. அஞ்சுவதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. கூப்பிட்டுக்கொண்டு போகத்தான் ஆள் இருக்காது.

அடுத்தது சினிமா. 2005இல் 'சந்திரமுகி', 'அந்நியன்' இரண்டும் வந்தன. ஒரே உடம்புக்குள் இன்னோர் ஆள் என்ற கதை. அதைப் பார்த்துவிட்டு ஸ்கிசோஃப்ரினியா என்றால் இதுதான் என்று நினைப்பவர்கள் ஏராளம். இல்லை. 1908இல் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் அந்தப் பெயரை வைத்தபோது இரண்டு ஆட்களைச் சொல்லவில்லை. சிந்தனையும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் சிதைவதையே சொன்னார். இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது என்று வரும் நோய் அது.

தேர்வில் காலை வாரிவிடும் ஒன்றும் உண்டு: நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். தண்டனை என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. குழந்தை வீறிடுகிறது, அம்மா செல்போனைக் கொடுக்கிறாள், அழுகை நிற்கிறது. தொல்லை நீங்கியதால் அடுத்த முறையும் அவள் கை செல்போனுக்கே போகும். வேண்டாத ஒன்று விலகுவதால் ஒரு பழக்கம் வலுப்படுவது, அவ்வளவுதான்.

முதல் வருஷத்தில் எல்லாருக்கும் ஒரு கிறுக்கு பிடிக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு வரிசையாக நோய்ப் பெயர் சூட்டுவது. உன் அப்பாவை நார்சிசிஸ்ட் என்று சொல்லிவிடாதே. என் அண்ணன் வெறும் பிடிவாதக்காரன். அது நோயில்லை, எங்கள் குடும்பச் சொத்து.

அதற்காக, சொல்லைத் தப்பாகப் பயன்படுத்துகிறவர்களையெல்லாம் திருத்திக்கொண்டும் திரியாதே. விடுதியில் ஒருத்தி 'டிப்ரஷனா இருக்குடி' என்றால், இரண்டு வாரமாவது நீடித்தால்தான் அது நோய்க் கணக்கு என்று பாடம் எடுக்காதே. எத்தனை நாளாக, தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாயா என்று கேள். வாழப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் தனியாக விடாதே. விடுதிக் காப்பாளரிடம் உடனே சொல். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416. இலவசம், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே உன் போனில் சேமித்து வை.

அன்புடன்,
அத்தை