அடிக்கடி காய்ச்சல், நாலு வயதில் பக்கவாதம்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. கைக்குழந்தையிலிருந்தே காய்ச்சல் வந்து வந்து போகும். அப்போதெல்லாம் காலில் வலை பின்னியதுபோல் கருஞ்சிவப்புக் கோடு தெரியும். போன மாதம் திடீரென்று வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. மதுரையில் ஸ்கேன் பார்த்து, மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். நான் கட்டியிருப்பது தாய்மாமனைத்தான். அம்மாச்சிதான் எனக்கு மாமியார். அவர் சாமி குற்றம் என்கிறார். காய்ச்சலால் மூளை பாதிக்குமா? ஏழு மாதத்தில் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் வருமா?
– வாசகி, பந்தல்குடி

பதில்: சாமி குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. தொடர் காய்ச்சல், தோலில் வலைக்கோடு, சின்ன வயதில் பக்கவாதம் மூன்றும் சேர்ந்திருப்பதால், ‘ஏடிஏ2 குறைபாடு’ என்ற பரம்பரை நோயைச் சந்தேகித்திருப்பார்கள். மூளைக்காய்ச்சல், காசநோய், இதயக் கோளாறு ஆகியவை இல்லை என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கிருமியே இல்லாமல் உடலின் எதிர்ப்புச் சக்தி தானாகப் பொங்கி எழும் நோய்களைத் தன்னழற்சி நோய்கள் என்கிறோம். ஏடிஏ2 குறைபாடு அவற்றில் ஒன்று. ஏடிஏ2 என்பது ரத்த வெள்ளணுக்கள் சுரக்கும் ஒரு நொதி. அது குறைந்தால் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற பொருள் மிகுந்து, சிறு ரத்தக்குழாய்களின் சுவர் சிதைகிறது. தோலில் அது வலைக்கோடாகத் தெரியும். மூளையின் ஆழத்தில் நடந்தால் சிறு அடைப்புகள் விழும். கை கால் விழலாம், மாறுகண் வரலாம், முகம் கோணலாம். சிலருக்கு நலிந்த குழாய் வெடித்து ரத்தம் கசியும். ஆகவே காய்ச்சல் மூளைக்குப் போகவில்லை. காய்ச்சலுக்கும் வாதத்துக்கும் வேர் ஒன்றுதான்.

தன்னழற்சி நோய்கள் எல்லாமே ரத்தக்குழாயைத் தாக்குவதில்லை. கேப்ஸ் என்ற நோயின் கடும் வகையில் மூளையுறை அழற்சியால் தீராத் தலைவலியும் காது கேளாமையும் வரும். ஐக்கார்டி-கூத்தியர் நோயில் பிறந்த சில மாதங்களிலேயே வளர்ச்சி நின்று, மூளையில் சுண்ணாம்பு படியும். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால்தான் எந்த நோய் என்று தெரிய வேண்டியிருக்கிறது.

ஏடிஏ2 குறைபாட்டை அமெரிக்க, இஸ்ரேல் குழுக்கள் கண்டறிந்து வெளியிட்டது 2014-இல். நம் நாட்டில் 33 நோயாளிகளின் விவரம் 2021-இல் வெளியானது. அதில் ஒரே சமூகத்துக்குள் மணம் முடிக்கும் அகர்வால் சமூகத்தினர் பலர்.

தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான மரபணுப் பிரதியைக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பார்கள். சொந்தத்தில் மணம் முடித்தால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சொந்தத்தில் மணந்த பெண்கள் நூற்றுக்கு 28 பேர். மகனுக்கு நோய் உறுதியானால், உங்கள் மகளுக்கும் அது இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அறிகுறி இல்லாவிட்டாலும் அவளுக்கும் சோதனை செய்துவிடுங்கள்.

ஏனென்றால் இதற்கு மருந்து இருக்கிறது. டிஎன்எஃப்-ஐ அடக்கும் எட்டனர்செப்ட், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் இந்தியாவிலேயே தயாராகின்றன. அமெரிக்காவில் 15 நோயாளிகளுக்கு மருந்துக்கு முன் மொத்தம் 55 முறை பக்கவாதம் வந்திருந்தது. ஊசி தொடங்கியபின் ஒருமுறைகூட வரவில்லை என்று 2019-இல் பதிவானது. ஊசி தொடங்குமுன் காசநோய் இல்லை என்று பார்க்க வேண்டும். மகனுக்கு இனிப் போட வேண்டிய தடுப்பூசிகளையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாதத்துக்கு வழக்கமாகத் தரும் ஆஸ்பிரின் இந்த நோயில் ரத்தக்கசிவுக்கு வழிவைக்கலாம். இப்போது கொடுத்துவந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசுங்கள். காய்ச்சல் வந்த நாட்களை எழுதிவையுங்கள். காய்ச்சல் இருக்கும்போதே அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தச் சோதனைகளைப் பாருங்கள். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் மரபணு ஆலோசனையும் கிடைக்கும். அடுத்த கர்ப்பத்துக்கு முன் அது அவசியம். கைக்குப் பிசியோதெரபியை விடாதீர்கள்.

மந்திரிப்பதற்கு நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது அடைப்பு வருமுன் சோதனையை முடித்துவிடுங்கள்.