பாறை வெடித்த இடத்தை ஒலியால் அறிதல்
கோலார் தங்க வயலின் அனுபவம்

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழ் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. அத்தகைய ஆழத்தில், மேலேயுள்ள பாறையின் பாரம் முழுவதும் கீழுள்ள பாறையை அழுத்துகின்றது. தாதுவை வெட்டி எடுத்தபின் உண்டாகும் வெற்றிடம் அந்தப் பாரத்தைத் தாங்காது; ஆகவே அது சுற்றியுள்ள பாறையின் மேல் சாய்கின்றது. பாறையின் வலிமைக்கு மேல் அழுத்தம் மிகும்போது, அது பேரொலியுடன் சிதறிச் சுரங்க வழியை அடைத்துவிடுகின்றது. இதுவே பாறை வெடிப்பு எனப்படும்.

வெடிப்பு நிகழ்ந்தவுடன் எழும் முதற் கேள்வி, அது எங்கே நிகழ்ந்தது என்பதாகும். எந்த மட்டத்தில் தொழிலாளர் சிக்கியிருக்கக் கூடும், மீட்புக் குழு எவ்வழியாக இறங்க வேண்டும், எந்தப் பகுதியில் வேலையை நிறுத்த வேண்டும் என்பன யாவும் இக்கேள்வியின் விடையைப் பொறுத்தவை. பல கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்க வழிகளில் ஒவ்வொன்றாகத் தேடிச் செல்லக் காலம் போதாது.

இதற்கு விடை தரும் தத்துவம் வீட்டுக் கூடத்திலேயே விளங்கக் கூடியதாகும். இக்காலத்தில் திரைப்படம் காண்பதற்கென அமைக்கப்படும் அறைகளில், கேட்பவரைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கிகள் வைக்கப்படுகின்றன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒன்று நேர் எதிரேயும், இரண்டு அதற்கு இருபுறமும் 30 பாகைக் கோணத்திலும், மற்ற இரண்டு பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி 100 முதல் 120 பாகை வரையிலும் அமைதல் வேண்டும். ஐந்தும் கேட்பவரிடமிருந்து சம தூரத்தில் இருத்தல் நலம். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒரு பெட்டி மற்றதைவிட 1.7 மீட்டர் அருகில் இருப்பின், அதன் ஒலி 5 மில்லி வினாடி முந்தி வந்து சேரும். காது முந்தி வந்த ஒலியின் திசையையே ஒலி பிறந்த திசையாகக் கொள்ளும்.

சுரங்கத்தில் இவ்வமைப்பு தலைகீழாகின்றது. கூடத்தில் ஒலி பிறக்குமிடங்கள் பல, கேட்பவர் ஒருவர்; சுரங்கத்தில் ஒலி பிறக்குமிடம் ஒன்று, கேட்கும் செவிகள் பல. அச்செவியே ஜியோபோன் என்னும் கருவி. அதனுள் காந்தமும், வில்லில் தொங்கும் கம்பிச் சுருளும் உள்ளன. பாறை அதிரும்போது காந்தம் உடன் அசையும், சுருளோ பின்தங்கும். இவ்வேறுபாட்டினால் சுருளில் சிறு மின்னழுத்தம் உண்டாகிப் பதிவாகின்றது.

கடினமான பாறையில் அதிர்வு வினாடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் பரவுவதாகக் கொள்வோம். ஓர் அதிர்வு முதல் ஜியோபோனை அடைந்து 50 மில்லி வினாடிக்குப் பின் இரண்டாவதை அடைந்தால், வெடித்த இடம் முதலாவதற்கு 300 மீட்டர் அதிக அருகில் உள்ளது என்று தெரியும். ஆனால் இந்நிபந்தனைக்கு இணங்கும் இடங்கள் பல. நீளம், அகலம், ஆழம், வெடித்த நேரம் ஆகிய நான்கும் அறியப்படாதவை. ஆகையால் குறைந்தது நான்கு கருவிகள் தேவை. அதற்கு மேற்பட்டவை கணக்கைச் சரிபார்க்க உதவும். ஒரு மில்லி வினாடிப் பிழை ஏறத்தாழ 6 மீட்டர் பிழையாகும். எனவே எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்துக்கு இணங்கல் அவசியம்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, கருவிகள் வைக்கப்படும் இடம். அனைத்தையும் ஷாப்ட் எனப்படும் ஒரே செங்குத்துக் குழியை ஒட்டி வைத்தால், வெடிப்பின் ஆழமும் குழியிலிருந்து அதன் தூரமும் தெரியுமேயன்றி, எத்திக்கில் என்பது தெரியாது. அனைத்தையும் தரைமட்டத்தில் வைத்தால், வெகு ஆழத்தில் நிகழும் வெடிப்பின் ஆழம் நிச்சயப்படாது. ஆழம் சற்றுக் கூடினும் எல்லாக் கருவிகளிலும் தாமதம் ஏறக்குறைய ஒரே அளவில் கூடுவதே காரணம். ஆகவே மேலும் கீழும் நாற்புறமும் ஆபத்தான பகுதியைச் சூழ்ந்து அவை அமைதல் வேண்டும். உடையாத பாறையில் உறுதியாகப் பொருத்துவதும், நீரிறைக்கும் யந்திரங்களின் அதிர்வுக்கு விலக்கி வைப்பதும் அவசியம். தெரிந்த இடத்தில், தெரிந்த நேரத்தில் சிறு வெடி வைத்து, பாறையில் அதிர்வு செல்லும் வேகத்தை அளந்துகொள்வது முறை.

கோலார் தங்க வயலில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன் 1970-களின் பிற்பகுதியில் இத்தகைய வலையமைப்பு ஏற்பட்டது. தரையின் மேலும் சுரங்கத்தினுள்ளும் ஜியோபோன்கள் வைக்கப்பட்டு, பதிவுகள் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கேயே நிறுவப்பட்டது.

2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. கைவிடப்பட்ட வழிகளில் நீர் ஏறத் தொடங்கிய பின்னரும் பாறையின் அதிர்வுகள் ஓயவில்லை; ஆதலால் மேலே மக்கள் வாழும் நகருக்காகக் கவனிப்பு தேவைப்பட்டது. இம்முறை வெடிப்பு வரும் நாளைக் குறித்துச் சொல்லாது. எனினும் சிற்றதிர்வுகள் எங்கே கூடுகின்றன என்பதைக் காட்டி, அவ்விடத்திலிருந்து தொழிலாளரை விலக்க அது வழி செய்கின்றது. ஆழ்ந்த சுரங்கங்களிலும், நீர்மின் திட்டங்களின் நிலத்தடி அறைகளிலும் இதே தத்துவம் பயன்படுகின்றது.