புள்ளியும் கோடும் பேசும் மொழி

மார்கழி மாதத்து விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடப்போர் வாசல்தோறும் சிக்குக் கோலங்களைக் காண்பர். இத்தகைய கோலத்திற்குப் பத்திரிகைகளில் "7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளி" என்று ஒரே வரியில் குறிப்புக் கொடுப்பார்கள். நம் பாட்டிமாருக்கு இதுவே போதும். நடுவில் 7 புள்ளிகள். மேலும் கீழும், இடைவெளிகளுக்கு நேராக 6, 5, 4 என்று குறையும் வரிசைகள். ஆக மொத்தம் 37 புள்ளிகளைக் கை தானாகவே வைத்துவிடும். கோலம் போட்டே அறியாத ஒருவருக்கோ அது வெறும் இரண்டு எண்கள்தாம்!

மென்பொருள் வரைபடங்களைப் படிப்பதும் இப்படியே. கோலத்தையும் கணிப்பொறியையும் இணைப்பது நம் சொந்தக் கற்பனை என்று எண்ண வேண்டா. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணிப்பொறிக்கு ஏற்ற இலக்கண விதிகளாக எழுதலாம் என்று 1974-ஆம் ஆண்டிலேயே காட்டினர். கமலா கிருத்திவாசன் பின்னர் நம் அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி.யில் பேராசிரியையாக விளங்கினார்.

வீடு கட்டுமுன் பிளான் போடுவதுபோல, பெரிய மென்பொருளை எழுதுமுன் அதன் அமைப்பை வரைந்துகொள்வர். இதற்கென யூ.எம்.எல். என்னும் பொதுவான குறியீட்டு முறை 1997-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் ஒரு கோட்டின் நுனியில் சிறிய வைர வடிவம் இருக்கும். வைரம் கறுப்பாக இருந்தால், முழுமை அழியும்போது பகுதியும் அழியும் என்று பொருள்: பள்ளிக் கட்டடமும் அதன் வகுப்பறைகளும் போல. உள்ளே வெற்றாக இருந்தால், முழுமை போனாலும் பகுதி நிற்கும்: பாடகர் குழு கலைந்தாலும் பாடிய மாணவியர் இருப்பார்கள் அல்லவா? சிறிது மை, எவ்வளவு பெரிய வேறுபாடு!

ஆயினும் குறியீடுகளை மனப்பாடம் செய்த எல்லாரும் படத்தை ஒன்றுபோலப் படிப்பதில்லை. அனுபவசாலிகளுக்கு நினைவாற்றல் மிகுதி என்று நாம் நினைக்கலாம். 1973-இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இருவர் சதுரங்கத்தைக் கொண்டு இதைச் சோதித்தனர். நடு ஆட்டத்திலிருந்த பலகையை 5 விநாடி மட்டும் காட்டினர். தேர்ந்த ஆட்டக்காரர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் சுமார் 4. காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்தே போயிற்று. தேர்ந்தவர் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பழகிய அமைப்புகளாகப் பார்க்கிறார். தோழியரே, ஒரு கோலத்தையும் தாறுமாறான கோடுகளையும் உங்கள் பாட்டியிடம் காட்டி நீங்களும் சோதிக்கலாம். (பாட்டி கோபித்துக்கொண்டால் நாம் பொறுப்பல்ல!)

மென்பொருள் படங்களிலும் அதே கதைதான். எந்தப் பெட்டி எதற்கு அருகில் இருக்கிறது, எவை ஒரே வரிசையில் நிற்கின்றன என்பவை விதிப்புத்தகத்தில் இல்லாத குறிப்புகள். அனுபவமுள்ளவர் அவற்றையும் படிக்கிறார். புதியவர் எங்கே பார்ப்பது என்றே தெரியாமல் திகைக்கிறார். இதை மரியன் பெட்ரே என்ற பெண் ஆய்வாளர் 1995-இல் எடுத்துக்காட்டினார்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டபின், இப்பக்கத்துப் பெண்கள் பலர் மென்பொருள் வேலைக்குச் செல்கின்றனர். நம்மிலும் சிலர் செல்வோம். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு படத்தைப் பார்த்து விழிக்கும் பெண்ணை மந்தபுத்தி என்று முடிவுகட்டுவது எளிது. படம் வரைந்தவரோ, தமக்கு வெளிப்படையானதை எல்லாருக்கும் வெளிப்படை என்று எண்ணி எழுதாமலே விட்டிருப்பார்.

இத்தாலியில் ரிக்கா முதலிய ஆய்வாளர்கள், மாணவர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் கொண்டு செய்த சோதனைகளை 2010-இல் வெளியிட்டனர். இணையதள மென்பொருளின் படங்களில், ஒவ்வொரு பெட்டியும் எவ்வகையைச் சேர்ந்தது என்று தலைப்பில் கூடுதல் குறி இட்டுக் கொடுத்தனர். அதனால் மிகுதியும் பயனடைந்தவர்கள் திறமையும் அனுபவமும் குறைந்தவர்களே. தேர்ந்தவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி குறுகிற்று. அந்தக் குறி பெரும்பாலும் ஓரிரு சொற்கள்தாம். எழுத அரை நிமிடம்கூட ஆகாது.