ஆரஞ்சுத் தோலிலிருந்து தைலம்

கேரள மலைச்சரிவுகளில் தைலம் வடித்தல் புதிய தொழிலன்று. இடுக்கி மாவட்டத்தில், சித்திரபுரத்துக்கு வடக்கே உள்ள மறையூர், சின்னாறு மலைகளில் பழங்குடி மக்கள் எலுமிச்சைப்புல்லை வாலையிலிட்டுத் தைலம் எடுத்து வந்துள்ளனர். இப்புல்லை ஆராய்வதற்கென 1951-இல் ஓடக்காலியில் ஒரு நிலையமும் நிறுவப்பெற்றது. அதே வாலை ஆரஞ்சுத் தோலுக்கும் உதவும்.

பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதியில் அரசின் ஆரஞ்சு, காய்கறிப் பண்ணை உள்ளது. பழங்களிலிருந்து ஸ்குவாஷ், ஜாம் முதலியன அங்குத் தயாரிக்கப்படுகின்றன. சாறு பிழியும் இடங்களில் பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, தோலும் சக்கையுமாக மிஞ்சுவது இயல்பு.

தோலின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பைகளில் தைலம் தங்கியிருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு லிமோனின் என்னும் பொருளாகும். இதன் கொதிநிலை 176 பாகை செல்சியஸ். எனினும் நீராவியுடன் சேரும்போது 100 பாகைக்குக் கீழேயே ஆவியாகிவிடும். நறுக்கிய தோலைத் துளைத்தட்டில் பரப்பி, அடியிலிருந்து நீராவியைச் செலுத்தி, வெளிவரும் ஆவியைக் குளிர்வித்தால் தைலம் நீரின்மேல் மிதக்கும். தோல் அன்றே வாலைக்குள் செல்லவேண்டும். காயக் காயத் தைலம் காற்றோடு போய்விடும். மணத்தில் பிழிந்தெடுத்த தைலமே உயர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வடித்த தைலம் சோப்பு, துப்புரவுப் பொருள்கள் ஆகியவற்றுக்கு ஏற்றது.

இம்முறையின் பயன் தைலத்தின் விலையோடு முடிவதன்று. லிமோனின் நுண்ணுயிர்களின் செயலைத் தடுக்க வல்லது. ஆதலால் பச்சைத் தோலைச் சாண எரிவாயுக் கலத்தில் மிகுதியாக இட்டால் வாயு குறையும். தைலம் நீக்கிய தோலில் இத்தடை பெரிதும் நீங்கிவிடுகிறது. எனவே சிறிய சாறு நிலையங்கள் வாலையையும் வாயுக் கலத்தையும் அருகருகே அமைத்தல் நன்று. வாலை அடுப்பின் எரிபொருளில் ஒரு பகுதியை அக்கலமே தரும்.