செங்கோட்டை ஏற்றத்துக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா?

"அண்ணாச்சி, ஆரியங்காவு ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்கு. ஒரு டர்போ மாட்டிரலாமா?" தென்காசியில் ஒர்க்‌ஷாப் நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. பாவூர்சத்திரம் காய்கறி, எம்-சாண்ட் என்று லோடு ஏற்றிக்கொண்டு புளியரை எஸ் வளைவு வழியாகக் கேரளம் போகும் வண்டிகள் இங்கே அதிகம். அவர்களுக்குச் சொல்வதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் கூடுதலாக அனுப்புவது. காற்று கூடினால் கூடுதல் டீசல் எரியும், இழுவை கூடும். அமுக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

சூப்பர்சார்ஜர், கிராங்க்கிலிருந்து பெல்ட் மூலம் சுற்றுகிறது. அதில் மூன்று வகை. 1860-ல் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ரூட்ஸ் வகை, மிதித்தவுடன் இழுக்கும்; ஆனால் காற்றை அதிகம் சூடாக்கும். ட்வின் ஸ்க்ரூ வகையில் சூடு குறைவு, விலை அதிகம். சென்ட்ரிஃபியூகல் வகை, ஆர்.பி.எம். ஏறிய பிறகே முழு பலம் காட்டும். லோடோடு மெதுவாக ஏறும் வண்டிக்கு உதவாது. மூன்றுமே எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கைத் தாங்களே எடுத்துக்கொள்வதால் மைலேஜ் குறையும்.

டர்போ, வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றுகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். புகை வேகம் பிடிக்கும்வரை வண்டி சோம்புவதுதான் இதன் குறை. சின்ன டர்போ சீக்கிரம் பிடிக்கும், மேல் வேகத்தில் திணறும், பெரியது நேர்மாறு. இந்தக் குறையைக் குறைக்கவே வி.ஜி.டி. (வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ) வந்தது. புகை வேகத்துக்கு ஏற்ப அதன் உள் இதழ்கள் விரியும், சுருங்கும். ஒரே 1,248 சி.சி. டீசல் எஞ்சின், சாதாரண டர்போவுடன் ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறனும், வி.ஜி.டி.யுடன் எர்டிகாவில் 90-ம் தந்தது. ஆனாலும் 2,000 ஆர்.பி.எம்.முக்கு வெகு கீழே இறங்கினால் இரண்டுமே சோம்பும். வளைவுக்குள் போன பிறகு கியரைத் தேடாமல், வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். நம் செங்கோட்டைக் கணவாய் அவ்வளவு உயரமில்லை. இங்கே பிரச்சினை லோடும் ஏற்றமும்தான். அதற்குத் தேவை குறைந்த ஆர்.பி.எம்.மில் டார்க், அதைத் தருவது சின்ன டர்போ அல்லது வி.ஜி.டி.

டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• ஏற்றம் ஏறி, கோட்டைவாசல் கருப்பசாமி கோயிலில் சூடம் ஏற்ற நிறுத்தினால் எஞ்சினை உடனே அணைக்காதீர்கள். ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். சூட்டோடு அணைத்தால் டர்போ பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகிக் கரியாகும்.

• கிரஷர் பக்கம் ஓடிய ஒரு வண்டியின் டர்போவைக் கழற்றினேன். கம்ப்ரஸர் இறக்கைகளின் முனைகள் அரித்துத் தேய்ந்திருந்தன. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலான ஹோஸ் கிளிப் ஒன்று தளர்ந்து, தூசி நேராக உள்ளே போயிருந்தது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் கிளிப்புகளை இறுக்கச் சொல்லுங்கள்.

• எஞ்சின் ஆறிய பிறகு அந்த ஹோஸைக் கழற்றி, டர்போ சக்கரத்தின் நடு நட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் வந்து போனாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ உடனே கவனிக்க வேண்டும்.

• நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகையோடு இழுவையும் குறைந்தால், முதலில் இன்டர்கூலர் ஹோஸில் கிழிசல் தேடுங்கள்.

டர்போ இல்லாத பழைய வண்டியில் புதிதாக மாட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. கூடும் அழுத்தத்தை பிஸ்டன், ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர் எல்லாம் தாங்க வேண்டும். ஆயில் லைன் தனியாக இழுக்க வேண்டும். டீசல் பம்ப்பையும் மாற்றி அமைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் சிக்கலாகும். அந்தச் செலவைச் சேர்த்து வைத்து, கம்பெனியிலேயே டர்போவோடு வந்த வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். நம் மலைப்பாதைக்கு அதுதான் சரி.