கடைக்கு இடம் தேட ஒரு கடிதம்

கடையை விரிவாக்கவோ குடோன் அமைக்கவோ இடம் தேடும்போது நாம் வழக்கமாகத் தரகரைத்தான் நாடுகிறோம். தரகர் காட்டும் இடம் நம் காதுக்கு வருமுன் பத்துப் பேர் காதுக்குப் போயிருக்கும், விலையும் ஏறியிருக்கும். விற்கலாமா, வாடகைக்கு விடலாமா என்று உரிமையாளர் யோசித்துக் கொண்டிருக்கும்போதே நம் கடிதம் அவர் கைக்குச் சேர்ந்தால், பேச்சு நம்மோடுதான் தொடங்கும். அப்படிக் கடிதம் எழுதும் முறையை இங்கு பார்ப்போம்.

1. முகவரிப் பட்டியல்

கடிதத்தின் பலன் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. ஊர் முழுவதற்கும் நோட்டீஸ் போடுவதைவிட, பொருத்தமான நாற்பது பேருக்கு எழுதுவது மேல். நம் கடைவீதியிலும் பக்கத்துத் தெருக்களிலும் நடந்து சென்று, நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் கடை, ஓடாத அரிசி ஆலை, புதர் மண்டிய காலிமனை ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். சர்வே எண் தெரிந்தால் பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் உரிமையாளர் பெயரைப் பார்க்கலாம். அவர் இப்போது வசிக்கும் ஊரை அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். பின்கோடு 6 இலக்கமும் சரியாக இருக்கட்டும்.

2. கடிதத்தின் வாசகம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். “ஐயா, இந்த ஊரில் இன்ன தெருவில் இத்தனை ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வருகிறோம். தங்களுக்குச் சொந்தமான இன்ன இடம் எங்கள் குடோனுக்குப் பொருந்தும். விற்கவோ வாடகைக்கு விடவோ எண்ணமிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறோம். இடையில் தரகர் இல்லை” என்று எழுதி, கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் தந்தால் போதும். பத்திரம் பார்க்குமுன் விலை எழுதக் கூடாது. அவசரத்தில் இருப்பவரை மிரட்டும் தொனியும் கூடாது; அவர் நாளை நம் வாடிக்கையாளராகவும் வரலாம்.

3. அனுப்பும் முறை

முதல் கடிதத்தைச் சாதாரணத் தபாலில் அனுப்புங்கள். கையெழுத்திட்டு வாங்கும் தபால் என்றாலே வக்கீல் நோட்டீஸோ என்று பலர் அஞ்சுவர். உறைமேல் முகவரியைக் கையால் எழுதுங்கள். அனுப்புநர் முகவரியும் அவசியம். அது இருந்தால்தான் சேராத கடிதம் நமக்குத் திரும்பும். “காலமானார்”, “வீடு மாறிவிட்டார்” என்று திரும்பி வரும் உறை வீணல்ல. வாரிசுகள் யார் என்று விசாரிக்க அதுவே துப்பு.

வெளியூரில் இருப்போர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊர் வருவார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு கடிதம் சேர்ந்தால் வந்த இடத்தில் நேரிலேயே பேசலாம். பதில் இல்லையெனில் மாதம் ஒன்று கழித்து இரண்டாவதும், அடுத்த பண்டிகைக்கு முன் மூன்றாவதும் எழுதலாம். வேண்டாம் என்று சொன்னவருக்கு மறுபடி எழுதக் கூடாது.

4. கணக்கு

கடன் பேரேடு போல இதற்கும் ஒரு நோட்டு வையுங்கள். பெயர், அனுப்பிய தேதி, எத்தனையாவது கடிதம், பதில் என நான்கு கட்டம் போதும். 40 கடிதத்துக்கு 320 ரூபாய் செலவாகி 4 பதில் வந்ததென்று வைத்துக் கொள்வோம். ஒரு பதிலின் அடக்கவிலை 80 ரூபாய். எந்தத் தெருப் பட்டியல் பதில் தருகிறது என்று பார்த்து அடுத்த முறை அதைப் பெருக்குங்கள்.

5. பதில் வந்த பின்

மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கம், பட்டா, வாரிசுகள் அனைவரின் சம்மதம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் தராதீர்கள். 2015 ஜூன் 1 முதல், சொத்து விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. வாடகை இடமானால், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள தமிழக வாடகைச் சட்டப்படி, நகர்ப்பகுதிகளில் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

குத்தகை முடியும் மாதத்தில் இடம் தேடி ஓடுபவர் கேட்ட விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஓராண்டு முன்பே கடிதம் எழுதத் தொடங்கியவர் நிதானமாகப் பேரம் பேசலாம். இந்த வாரமே கடைவீதியை ஒருமுறை சுற்றி வாருங்கள்.