ஷிப்டு வேலையிலும் கதை எழுதலாமா?

கேள்வி: செராமிக் கம்பெனியில் பொம்மை வார்க்கிறேன். ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். தினமும் கதை எழுதப் பழகுவது எப்படி?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: உங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறாரே! மணக்கொல்லை எழுத்தாளர் கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தபடிதான் ‘அஞ்சலை’ நாவலை எழுதினார். பணிமனை வாழ்க்கையே ‘நெடுஞ்சாலை’ நாவலானது. வட்டாரப் பேச்சைத் திரட்டி ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யும் போட்டுவிட்டார். பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தபடியே எழுதிய இமையத்துக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

அதனால் விடியற்காலை நாலு மணி, தனி அறை என்றெல்லாம் ஏங்காதீர்கள். (அந்த அறிவுரை சொல்கிறவர்கள் பெரும்பாலும் நைட் ஷிப்டு பார்த்ததில்லை.) எழுத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் வேலையோடு கட்டுங்கள். எந்த ஷிப்டானாலும் முடிந்து குளித்ததும் அரைப் பக்கம். எதை எழுத? பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றிவிட்டு, ஓரம் கெட்டிப்படக் காத்திருப்பீர்களே, அப்போது பக்கத்தில் நிற்பவர் மகள் கல்யாணக் கடனைப் பற்றிப் புலம்பியிருப்பார். அதை அவர் சொன்னபடியே, திருத்தாமல் எழுதுங்கள். முதல் மாதம் எழுதியதைத் திரும்பப் படிக்கவும் வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அதே அரைப் பக்கம்தான்.

லேப்டாப் வரட்டும் என்று தள்ளிப்போடாமல், இன்றைக்கே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவிடுங்கள்.